படை போன பின்னால் யார் பையில் பணம்?

அந்நியப் படையெடுப்புகளின் பொருளாதாரம் பற்றி நம் மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஊட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் பதில் சொல்கிறார்.

குன்னூர், சிறு தேயிலை விவசாயி: தேயிலைக்காகப் போர் நடந்ததுண்டா சார்?

நடந்தது ஐயா. ஆங்கிலேயருக்குச் சீனத் தேயிலை வேண்டும்; சீனா கேட்டதோ வெள்ளி. அந்த வெள்ளியைத் தேற்றத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் அபினி விளைவித்து ஏலம் விட்டது. வணிகர்கள் அதைச் சீனாவுக்குள் கடத்தினார்கள். 1839இல் லின் சேஷூ என்ற அதிகாரி 20,000க்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி அழிக்க, பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் அது வாங்கியதைப் பாருங்கள்: ஹாங்காங் தீவு, வணிகத்துக்கு ஐந்து துறைமுகங்கள், 2.1 கோடி வெள்ளி டாலர். அழிந்த அபினியின் விலையும் அந்தத் தொகைக்குள் அடக்கம்! அங்கே போய்ச் சண்டையிட்டவர்களில் மதராஸ் படைச் சிப்பாய்களும் உண்டு. அபினியில் ஒரு காசும் பார்க்காத அவர்கள் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கூடலூர், கல்லூரி மாணவி: இராக் போர் எண்ணெய்க்காகத்தானே?

எண்ணெய் இல்லாத நாடென்றால் 2003இல் அமெரிக்கா போயிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் 2009இல் இராக்கின் எண்ணெய் வயல்கள் ஏலத்துக்கு வந்தபோது சீன, ரஷ்ய நிறுவனங்களும் பெரிய வயல்களில் இடம்பிடித்தன. உடனே பணம் பார்த்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். படைக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்த கேபிஆர் அப்போது ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்ச் சேவை நிறுவனத்தின் துணை நிறுவனம். 2000 வரை ஹாலிபர்ட்டனை நடத்திய டிக் செனிதான் அன்றைய துணை அதிபர். எண்ணெயை மட்டும் பேசினால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள் அம்மா.

ஊட்டி, வங்கி ஊழியர்: 1954இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் நடந்தது என்ன?

யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியின் தரிசு நிலத்தை அந்நாட்டு அதிபர் ஆர்பென்ஸின் அரசு எடுத்தது. வரிக்காகக் கம்பெனியே காட்டியிருந்த மதிப்பை இழப்பீடாகத் தர முன்வந்தது. கம்பெனி பல மடங்கு கேட்டது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஆட்சியைக் கவிழ்த்தது.

கோத்தகிரி, தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெண்: 1987இல் நம் அமைதிப்படை இலங்கைக்குப் போனதும் திருகோணமலைக்காகத்தானா ஐயா?

தயங்காமல் கேளுங்கள் அம்மா, நம் படையையும் கேட்கத்தான் வேண்டும். ஜூலை 29 ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலை எண்ணெய்க் குதங்களை (சேமிப்புத் தொட்டிகளை) இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்தும் என்று இருக்கிறது. அதனாலேயே படை போனது என்று முடிவுகட்டிவிட முடியாது. இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுப் படைக்கும் அந்தத் துறைமுகத்தைத் தரக்கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. டெல்லியின் பெரிய கவலை அதுதான் என்பது என் கணிப்பு. 1990 மார்ச்சில் படை திரும்பிவிட்டது. இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனம் குதங்களுக்குள் வந்தது 2003இல்தான்.