இடகலை, பிங்கலை நாடிகள் உண்மையிலேயே இருக்கிறதா? அவற்றைச் சமன்படுத்த என்ன பயிற்சி செய்யலாம்?

நாடி என்பது மூச்சின் சக்தி ஓடுவதாக யோக நூல்கள் சொல்லும் பாதை. உடலை அறுத்துப் பார்த்தால் கிடைக்காது. ஹடயோகப் பிரதீபிகை 72,000 நாடிகள் என்கிறது, சிவ சம்ஹிதை மூன்றரை லட்சம் என்கிறது. யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கில்லை அது.

ஆனால் இடது நாசி இடகலை, வலது நாசி பிங்கலை என்றார்களே, அதில் ஒரு பாதியை இப்போதே சோதிக்கலாம். மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்து மூச்சு விடுங்கள். ஒரு பக்கம் காற்று தாராளமாக வரும், மறுபக்கம் கம்மி. பலருக்குச் சில மணி நேரத்தில் இது பக்கம் மாறும். சரம், அதாவது எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்று பார்க்கிறவர்கள் சொல்வது இதைத்தான். மூக்கின் உள்சதை மாறி மாறி வீங்கி வடிவதுதான் காரணம் என்று 1895-இல் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதினார்.

பயிற்சி என்றால் நாடி சுத்தி போதும். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடதில் இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி வலதில் விடுங்கள். பிறகு வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. நாலு எண்ணி இழுத்தால் ஆறோ எட்டோ எண்ணி விடணும். மூச்சை மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு தணியும், மனசும் கூடவே அடங்கும். திருமந்திரத்தின் 16 இழுத்து, 64 அடக்கி, 32 விடும் கணக்கைப் பார்த்து மூச்சை அடக்க முயலாதீர்கள். பி.பி., இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகம் எனும் மூச்சடக்கலின் பக்கமே போக வேண்டாம்.

நேரம்? பிரம்ம முகூர்த்தம் என்பார்கள். நான் வடசென்னைக் கடலோரத் திருவொற்றியூர், எங்களுக்கு அது சரிப்படாது. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், மேற்கே மணலி ஆலைகள். கேஸ் வாடையும் லாரிப் புகையும் சேர்ந்து வரும்போது ஆழமாக மூச்சிழுத்து என்ன சுத்தி ஆகப்போகிறது? கடற்காற்று ஏறிய சாயங்காலம்தான் மொட்டை மாடிக்குப் போவேன், வெறும் வயிறாக இருந்தால்.

ஒரே பக்கம் மாதக்கணக்கில் அடைத்தே கிடந்தால் பிங்கலைக் கோளாறு என்று யாரிடமும் காசு கொடுத்து ‘நாடி திறக்க’ வேண்டாம். மூக்குத்தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம். இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள்.