அணிகளையும் உரைப்பத்தி வினாக்களையும் எப்படித் திருப்பிப் படிப்பது?

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் தமிழ்ப் பாடத்தில் உவமை, உருவகம் போன்ற அணிகளைக் குழப்பிக்கொள்வதாகவும், பத்தியைப் படித்து விடையளிக்க நேரம் போதவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் மாலை வகுப்பு எடுக்கும் நான் இவ்விரண்டையும் ஆண்டுதோறும் காண்கிறேன்.

இலக்கணத்தை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே தொடரை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பதே பயன் தரும். ‘மலர் போன்ற முகம்’ என்பது உவமை; ‘போன்ற’ என்னும் உருபு மறைந்து ‘மலர்முகம்’ என நின்றால் உவமைத்தொகை; அதையே திருப்பி ‘முகமலர்’ என்றால், முகமே மலராகிவிடுவதால் உருவகம். இம்மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். குழப்பம் அங்கேயே தெளியும். தற்குறிப்பேற்ற அணிக்குச் சிலப்பதிகாரக் காட்சி ஒன்றே போதும்: மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் இயல்பாக அசைய, அவை கோவலனை ‘வர வேண்டாம்’ என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் தம் குறிப்பை ஏற்றிக் கூறுகிறார். காரணத்தைச் சொல்லத் தெரியாமல் அணியின் பெயரை மட்டும் அறிந்து பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பத்தியைப் பொறுத்தவரை, வினாக்களை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். ‘ஆனால்’, ‘எனவே’, ‘ஆயினும்’ ஆகிய சொற்களின் கீழ்க் கோடிட்டால் கருத்து திரும்பும் இடம் பிடிபடும். தலைப்பிடும் வினாவை மட்டும், மற்ற விடைகளை எழுதி முடித்தபின் எழுதட்டும்.