நரகமா, பாதாளமா? (வாசகர் கடிதம்)

வணக்கம் ஐயா,

எங்கட அம்மம்மா போன மாதம் காலமானார். வயது 84. ஞானஸ்நானம் எடுக்காதவர். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் போகாமல் இருந்ததேயில்லை. நானும் அம்மாவும் பத்து வருடமாகச் சபைக்குப் போகிறோம். செத்த வீட்டுக்கு வந்த பாஸ்டர் சங்கீதம் 9:17ஐ வாசித்து, "மனந்திரும்பாமல் போனவர் இருக்கிற இடம் இதுதான்" என்றார். அன்றிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. 31ஆம் நாளுக்கு வீட்டில் ஜெபம் வைக்கப்போகிறோம். வேதம் அப்படித்தான் சொல்கிறதா?

ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த வசனம் அப்படிச் சொல்லவில்லை.

"துன்மார்க்கரும், தேவனை மறக்கிற எல்லா ஜாதிகளும், நரகத்திலே தள்ளப்படுவார்கள்" என்பது பழைய மொழிபெயர்ப்பு. அங்கே நரகம் என்று வந்திருக்கும் எபிரேயச் சொல் ஷியோல். இறந்தவர்கள், நல்லவரும் கெட்டவரும், போய்ச் சேரும் இடம் அது. ஆதியாகமம் 37:35ஐ அம்மாவுக்கு எடுத்துக் காட்டுங்கள். யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, "நான் துக்கத்தோடே என் குமாரனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன்" என்கிறார். அதுவும் ஷியோல்தான். ஒரே சொல், யாக்கோபுக்குப் பாதாளமாகவும் துன்மார்க்கருக்கு நரகமாகவும் தமிழில் இரண்டாகிவிட்டது. ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடும் ஒத்தவாக்கிய அகராதியில் 'நரகம்' என்று தேடி வசனம் எடுத்தால் இந்தப் பிழை தானாகவே வரும். 'ஜாதிகள்' என்பதும் பகைத்து எழும்பிய தேசங்களைத்தான் குறிக்கிறது. குளிர்த்திக்குப் போன ஒரு கிழவியை அந்தப் பாட்டு நினைக்கவேயில்லை.

இயேசு எச்சரிக்கும் நரகம் வேறு. கிரேக்கத்தில் கெஹென்னா, எருசலேமுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் வருகிறது. அதை இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். அதன் முடிவு என்ன என்பதுதான் சபைகளுக்குள் பழைய வழக்கு. மத்தேயு 25:46இல் 'நித்திய ஆக்கினை', 'நித்திய ஜீவன்' இரண்டுக்கும் ஒரே கிரேக்க அடைமொழி. ஜீவனுக்கு முடிவில்லை என்றால் ஆக்கினைக்கும் இல்லை என்றார் பழைய திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்தீன். மத்தேயு 10:28 'அழிக்க வல்லவர்' என்கிறதே, அழிந்தது எப்படி வேதனைப்படும் என்று கேட்பவர்களும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரெகோரி என்ற ஆயர், கடைசியில் எல்லாரும் தேவனிடம் திரும்புவர் என்று நம்பினார். அகஸ்தீனின் வாதம் இலேசில் தள்ளக்கூடியதல்ல. ஆனால் அதே அதிகாரத்தில் தீர்ப்பு எதை வைத்து நடக்கிறது என்று பாருங்கள்: "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்." கொடுத்தவர்களுக்கே தாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாது.

1814இல் உங்கள் மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷன் வந்தபோது கூடவே வந்தது மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் போதனை. எல்லாரும் தப்புவார்கள் என்று வெஸ்லி சொல்லவில்லை. மனிதன் தேவனைத் தேடுமுன்பே கிருபை அவனுக்குள் வேலை தொடங்கிவிடுகிறது, அது எல்லாருக்கும் உரியது என்றார். அதற்காக, கிருபை தேவன் தெரிந்துகொண்டவர்களுக்கே என்ற சக பிரசங்கியார் வைட்ஃபீல்டோடு மோதவும் செய்தார். தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடந்தவர் மீட்படையலாம் என்று 1964இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. ஒரு திருச்சபையே எடுத்துக்கொள்ளாத அதிகாரத்தை உங்கள் பாஸ்டர் பிரேதத்துக்கு முன்னால் நின்று எடுத்திருக்கிறார். அது தவறு. அவரோடு சண்டை வேண்டாம். ஜெபத்துக்கு இரண்டு நாள் முன்பே தனியாகப் போய், 9:17இலும் 37:35இலும் இருக்கும் சொல் எது என்று மட்டும் கேளுங்கள்.

31ஆம் நாள் வாசிக்கச் சங்கீதம் 139ஐ வைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் வசனத்தை அம்மாவே வாசிக்கட்டும்: "நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்." அங்கேயும் எபிரேயத்தில் அதே ஷியோல்தான்.