பசியோடு வரும் பிள்ளையும் பாடமும்

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துவிடுகிறான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். மதியம் சாப்பிட்ட பிறகோ தெளிவாகப் பதில் சொல்கிறான். வீட்டில் சாப்பாட்டுக்குச் சிரமம் என்று தெரிகிறது. அவன் படிப்பில் பின்தங்க அதுதான் காரணமா?

பதில்: தூக்கக் குறைவு, பார்வைக் கோளாறு போன்றவற்றையும் பார்க்க வேண்டும் என்றாலும், காலைக்கும் மதியத்துக்கும் இடையே நீங்கள் கண்ட வேறுபாடு பெரும்பாலும் பசியையே சுட்டுகிறது. ஐந்து வயதை ஒட்டிய குழந்தையின் உடல் செலவிடும் ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளைக்கே போகிறது. அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு அந்தப் பங்கு பெரியவர்களைவிட அதிகம்தான். அரை வயிற்றோடு உறங்கி வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குக் கவனமும், கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் இருத்தும் திறனும் தளர்ந்துபோகின்றன. கழித்தல் கணக்கில் பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கியதை, அந்த இடத்துக்கு வருவதற்குள் அவன் மறந்துவிடுவான். கணக்கு புரியவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

பசி மட்டுமல்ல, அடுத்த வேளை உணவு உண்டா என்ற நிச்சயமின்மையும் பிள்ளையை வாட்டும். 1996-இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்பை, அதாவது எல்லோருக்கும் போதிய உணவு கிடைப்பதை, வரையறுத்தபோது ‘எல்லா நேரங்களிலும்’ என்று சேர்த்துக்கொண்டது இதனால்தான் பொருத்தமாகப் படுகிறது. பெற்றோரின் கவலையைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே அறிவார்கள். இன்னொன்று, வயிறு நிறைந்தும் இரும்புச்சத்து இல்லாமற்போனால் ரத்தசோகை வந்து, சோர்வும் மறதியும் சேர்ந்துகொள்ளும். எளிய ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

அவனை ‘மந்தம்’ என்று யாரும் சொல்ல விடாதீர்கள். வகுப்பின் நடுவே “சாப்பிட்டாயா?” என்று கேட்காமல், பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: பள்ளியில் காலை உணவு கொடுத்தால் மதிப்பெண் உயர்ந்துவிடுமா?

பதில்: உடனே எல்லாப் பாடத்திலும் உயராது. ஜமைக்காவின் கிராமப்புறப் பள்ளிகளில் ஓராண்டு காலை உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 1998-இல் வெளியானது. பிள்ளைகளின் வருகை கூடியது. சிறிய வகுப்பினரின் கணக்குத் திறன் மேம்பட்டது. வாசிப்பில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. அதற்காக உணவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பசியாறிய பிள்ளைக்கும் விடுபட்ட பாடத்தைத் திரும்பச் சொல்லித்தர ஆள் வேண்டும். உணவை வசதியில்லாதவர்களுக்கு மட்டும் தனி வரிசையில் நிறுத்தித் தராமல் எல்லோருக்கும் ஒன்றாகவே தர வேண்டும். இல்லையென்றால் வெட்கப்பட்டு வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள்.