எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்: வானமும் வரலாறும், கேள்வி பதில்

நுங்கம்பாக்கத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் கூட்டத்தில் இந்தமுறை எல்லோரும் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். விண்வெளியையும் உலக வரலாற்றையும் பற்றிப் பத்திரிகைகளில் படித்தபோது எழுந்த சந்தேகங்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன், வீடு நிறையப் பழைய பத்திரிகை வைத்திருப்பவன் என்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அன்று நேரமில்லாமல் சுருக்கிச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

அம்பத்தூர் வாசகர்: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. 'உங்களுக்குத் தெரியுமா' துணுக்குகளை மட்டும்தான் படிக்கிறான். நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்கிறான். இதெல்லாம் படிப்பில் சேர்த்தியா சார்?

சேர்த்திதான். நானும் துணுக்கில் தொடங்கியவன். பையனைத் தடுக்காதீர்கள். ஒவ்வொரு துணுக்கையும் படித்து முடித்ததும் 'இது எப்படித் தெரிந்தது?' என்று கேட்கப் பழக்குங்கள், அது போதும்.

பெருஞ்சுவரையே எடுத்துக்கொள்வோம். நிலா ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுவரின் அகலம் ஐந்தாறு மீட்டர். விகிதம் போட்டுப் பார்த்தால், கிண்டியில் ஒருவர் நீட்டிப் பிடித்த ஒற்றைத் தலைமுடியை நுங்கம்பாக்கத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள், ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். இந்தச் செய்தி 1930களிலேயே அச்சில் வந்துவிட்டது. அப்போது விண்வெளிக்குப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது! பிறகு 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றி வந்தார். நிலாவைவிட எவ்வளவோ அருகில் இருந்து பார்த்தவர் அவர். சுவர் கண்ணில் படவில்லை என்று திரும்பி வந்து சொன்னார்.

கோடம்பாக்கம் வாசகி: வானியல் என்றாலே கிரேக்கம், இத்தாலி, அமெரிக்கா என்றுதான் எழுதுகிறார்கள். நம் ஊரில் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

அம்மா, நாம் கூடும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே இருக்கிறது. நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

கப்பல்கள் திசை தப்பாமல் கரை சேரவும், பிடித்த நாட்டை அளக்கவும் கம்பெனிக்கு வானம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை மறக்காமல் படித்தால்தான் இந்தக் கதை முழுமையாகும். வானாய்வகம் கணித்த மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வரும்வரை ரயில்கள் மதராஸ் நேரத்தில்தான் ஓடின. 1861இல் நார்மன் போக்சன் என்ற வானியலாளர் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார்.

போக்சனுக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றி நம் பத்திரிகைகள் இன்னும் நிறைய எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். வெளிச்சம் கூடிக் குறையும் ஆர் ரெட்டிக்யுலி என்ற விண்மீனை 1867இல் கண்டுபிடித்தவர் அவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்து போன நிகழ்வை மக்களுக்கு விளக்க உருது, கன்னடம் உள்ளிட்ட மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். நாம் இன்று பத்திரிகையில் தேடிப் படிக்கும் அறிவியல் எழுத்தை அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறார்.

இன்னொரு இடம் பரங்கிமலை. ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே எஃகுச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல்தான் அந்தக் கோடு. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே வளர்ந்த நில அளவைதான் 1856இல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று சொன்னது. இன்றைய கணக்கு 29,032 அடி. வித்தியாசம் வெறும் முப்பது அடி!

பெரம்பூர் வாசகர்: 1054இல் சீனர்கள் ஒரு நட்சத்திரத்தைப் பட்டப்பகலில் பார்த்ததாகப் படித்தேன். அந்தச் சமயத்தில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படிப்பவருக்குத்தான் இது தோன்றும்.

1054 ஜூலையில் சீனாவின் சோங் அரசவையின் வானக் கண்காணிப்பாளர்கள் ரிஷப ராசிப் பக்கம் ஒரு 'விருந்தாளி விண்மீன்' வந்திருப்பதாகக் குறித்தார்கள். 23 நாள் பகலிலும் தெரிந்தது. இரவில் ஏறத்தாழ இரண்டு வருடம் தெரிந்தது. வானத்தில் நடப்பது பேரரசரின் ஆட்சிக்கு அறிகுறி என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் தினமும் வானம் பார்க்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையின் புண்ணியத்தில் நமக்கு நாள் பிசகாத பதிவு கிடைத்தது.

நம் பக்கம் அது கொப்பம் போரின் காலம். சாளுக்கியரோடு நடந்த அந்தப் போரில் முதலாம் ராஜாதிராஜ சோழர் யானை மீதே உயிர்விட்டார். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பின்னால் வந்த கல்வெட்டுகள் சொல்வது அவரைத்தான். தம்பி இரண்டாம் ராஜேந்திரர் போர்க்களத்திலேயே முடி சூடினார். அதே சோங் அரசவைக்கு 1015இலேயே சோழத் தூதுக்குழு போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

சரி, எப்படித் தெரிந்தது? அந்த இடத்தில் இன்று நண்டு நெபுலா இருக்கிறது. ஒரு விண்மீன் வெடித்துச் சிதறியதில் மிஞ்சிய வாயு மேகம் அது. அது விரிந்துகொண்டே போகிறது. விரியும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்ட அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்பிள், இந்த அளவுக்கு வளர சுமார் 900 ஆண்டு ஆகியிருக்கும் என்று 1928இல் எழுதினார். சீனக் குறிப்போடு ஒத்துப்போனது. அது இருப்பது சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில், அதாவது அங்கிருந்து ஒளி இங்கே வந்துசேர அத்தனை ஆண்டு ஆகும். ஆகவே சீனர்கள் பார்த்தபோது வெடிப்பு நடந்து 6,500 ஆண்டுகள் கழிந்திருந்தன. உண்மையில் வெடித்த அன்று உலகில் எழுத்தே பிறக்கவில்லை. இதை முதல்முறை படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருவல்லிக்கேணி, கல்லூரி மாணவி: சந்திரசேகர் 19 வயதில் கப்பலில் கருந்துளையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. சரியா சார்?

வயது சரி, கப்பலும் சரி. கண்டுபிடித்தது வேறும்மா. நம் கடற்கரையில் இருக்கிற மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930 ஜூலைக் கடைசியில் பம்பாயில் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குள்ளனாகிறது. அந்த வெண்குள்ளனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதுதான் அவர் கப்பலில் போட்ட கணக்கு. அதைத் திருத்தித் திருத்திச் சூரியனைப் போல 1.4 மடங்கு என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். அதற்கு மேல் போனால் தன் எடையையே அதனால் தாங்க முடியாது. அப்புறம் என்ன ஆகும் என்ற கேள்விதான் பின்னால் நியூட்ரான் விண்மீனுக்கும் கருந்துளைக்கும் வழி காட்டியது.

1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் அதை மறுத்துப் பேசினார். அந்தத் துறையில் எடிங்டன் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத காலம். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல். இடையில் எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

கொளத்தூர் வாசகர்: ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பரில் கொண்டாடுகிறார்களே, ஏன்?

அங்கே பழைய ஜூலியன் நாள்காட்டி இருந்தது. 1917 அக்டோபர் 25 என்பது மற்ற நாடுகளுக்கு நவம்பர் 7. ஜூலியன் ஆண்டு உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். அது சேர்ந்து சேர்ந்து 13 நாளாகிவிட்டது.

நமக்கும் இப்படி ஒரு கதை உண்டு. தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறது என்கிறோம். வானத்தில் அது டிசம்பர் 21, 22இலேயே நடந்துவிடுகிறது. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையசைப்பதால் ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். இரண்டும் ஒன்றாக இருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு.

வேளச்சேரி வாசகி: வாயேஜர் தங்கத் தட்டில் தமிழ் இருக்கிறதா?

இல்லை. வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய அந்த ஒலித்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம், சிங்களம் எல்லாம் உண்டு. 1977இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தை ஒட்டி அவசரம் அவசரமாக ஆள் பிடித்துப் பதிவு செய்தார்கள். எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டு அதில் இருக்கிறது. அந்தக் குரல் இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.

ராயபுரம் வாசகர்: எங்கள் பாட்டி கெட்டிக்காரப் பயலை 'எம்டன்' என்பார். அந்தக் கப்பல் பிறகு என்ன ஆனது?

முதல் உலகப் போரில் வந்த ஜெர்மன் போர்க்கப்பல் அது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி உங்கள் பக்கத்துத் துறைமுகத்தில்தான் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் கடலடித் தந்தி நிலையத்தை அழிக்க ஆள் இறக்கியபோது, அங்கிருந்தவர்கள் கம்பியில்லாத் தந்தியில் அபயம் கேட்டார்கள். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து அடித்துக் கரையேற்றிவிட்டது.

தாம்பரம் வாசகர்: பழைய தமிழ் அறிவியல் இதழ்கள் எங்கே கிடைக்கும்?

பழைய புத்தகக் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட் இருந்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1985இல் அது எரிந்தபோது என் வயதுக்காரர்கள் சொந்த வீடு போனது போல அழுதோம். இப்போது கன்னிமாரா நூலகமும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. 'கலைக்கதிர்' பழைய இதழ்களையும், 1967 முதல் வந்த 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பையும் தேடுங்கள். கூரியரில்தான் விண்வெளியும் வரலாறும் ஒரே அட்டைக்குள் இருந்தன. என்னிடம் இருந்ததில் பாதி 2015 வெள்ளத்தில் கூழாகிவிட்டது. மிச்சத்தை யார் கேட்டாலும் தருகிறேன், படித்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும். குழந்தைகளுக்கு 'துளிர்' அறிவியல் இதழ் வாங்குங்கள்.

சைதாப்பேட்டை, ஏழாம் வகுப்பு மாணவி: எரட்டோஸ்தனிஸ் நிழலை வைத்துப் பூமியை அளந்தார் என்று படித்தேன். என்னால் முடியுமா தாத்தா?

கட்டாயம் முடியும் கண்ணு. அந்தப் பழங்காலக் கிரேக்க அறிஞர் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்து அளந்தார். ஓர் ஊரில் சூரியன் நேர் உச்சியில். இன்னோர் ஊரில் 7.2 டிகிரி சாய்வு. வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினார், முடிந்தது.

சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் 12 மணி 7 நிமிடம் அளவில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்து. நிழல் குச்சிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். உங்கள் சித்தப்பா டெல்லியில் இருப்பதாகச் சொன்னாயே, அவரை அன்று அங்கே ஒரு மீட்டர் குச்சி நிறுத்தச் சொல். டெல்லியில் உச்சி நேரம் 12.20க்கு ஒட்டி வரும். நிழல் மிகக் குட்டையாகும்போது அளக்க வேண்டும், 28 சென்டிமீட்டருக்கு அருகில் வரும். அதிலிருந்து கோணம் ஏறக்குறைய 15.5 டிகிரி. வடக்கு தெற்காக இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 1,720 கிலோமீட்டர். 360ஐக் கோணத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்கு. விடையை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவா. குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கல்லைக் கட்டிச் சரிபார்க்கும்படி சித்தப்பாவிடம் மறக்காமல் சொல்லிவிடு.