28-3 முன்னிலையில் இருந்த அட்லாண்டா தோற்றது யாரால்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைப் பயிற்சியாளர்களே கெடுத்தார்கள் என்றால் எந்த ஆட்டத்தைச் சொல்வீர்கள்?

எனக்கு யோசிக்கவே வேண்டாம். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி. மூன்றாவது குவார்ட்டரில் 28-3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா ஃபால்கன்ஸ், கூடுதல் நேரத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம் 34-28 என்று தோற்றது. அப்போது நான் அட்லாண்டாவை ஒட்டிய ஆல்ஃபரெட்டாவில் குடியிருந்தேன். சின்ன வயதிலிருந்தே ஃபால்கன்ஸ் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவரின் வரவேற்பறையில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

பேட்ரியாட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டாம் பிரேடி ஆட்டத்தை எப்படி மீட்டார் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். அவர் ஆடியது அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்த வாய்ப்பே வந்திருக்கக் கூடாது.

அந்த சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த அணி அட்லாண்டா: 540. குவார்ட்டர்பேக் மேட் ரயன்தான் அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரர். தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் கைல் ஷானஹன். சீசன் முழுக்க அவர் திட்டங்கள் அற்புதமாக வேலை செய்தன. சிக்கலும் அங்கேதான். முன்னிலையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்திலும் புள்ளி குவிக்கிற நேரத்து ஆட்டத்தையே ஆடச் சொன்னார்.

இந்த விளையாட்டில் முன்னிலையில் இருப்பவருக்குக் கடிகாரம்தான் நண்பன். பந்தோடு ஓடுகிறவர் மைதானத்துக்குள் பிடிபட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து (பாஸ்) யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் நின்றுவிடும்.

நான்காவது குவார்ட்டரில் 28-12 என்று இருந்தபோது, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு நகர்த்தக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) தேவைப்பட்டது ஒரே ஒரு யார்டு. பாஸுக்குப் போனார்கள். பேட்ரியாட்ஸின் தடுப்பாட்டக்காரர் ஹைடவர் பாய்ந்து வந்து ரயன் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட, பேட்ரியாட்ஸ் அதை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் 28-20.

சரி, அதைக்கூட ஒரு விபத்து என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அட்லாண்டாவின் ஜூலியோ ஜோன்ஸ் வலது பக்கக் கோட்டோரம் எகிறிப் பந்தைப் பிடித்தார். உடம்பு முழுக்க வெளியே சாய்ந்திருக்க, இரண்டு பாதங்களின் நுனி மட்டும் கோட்டுக்குள் தரையைத் தொட்டன. பந்து எதிரணியின் 22 யார்டு கோட்டில். மீதி நேரம் நாலே முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து விரல் விட்டு எண்ணினார்: ஓட்டம், ஓட்டம், ஓட்டம், அப்புறம் பிரையன்ட். மேட் பிரையன்ட்தான் அணியின் கிக்கர். அங்கிருந்து கோல் கம்பங்களுக்கு நடுவே (ஃபீல்டு கோல்) சுமார் 40 யார்டு உதை, அவருக்குப் பழக்கமான தூரம். மூன்று புள்ளி சேர்ந்தால் 31-20. பேட்ரியாட்ஸ் இரண்டு முறை புள்ளி எடுத்தாக வேண்டும், அதற்கு நேரம் போதாது.

முதல் டவுனில் ஓடினார்கள், ஒரு யார்டு நஷ்டம். பரவாயில்லை, நேரம் கரைகிறதே. இரண்டாவது டவுனில் மறுபடி பாஸ்! எறிய ஆள் தேடிப் பின்னால் போன ரயனை பேட்ரியாட்ஸின் ட்ரே ஃப்ளவர்ஸ் வீழ்த்தினார், 12 யார்டு நஷ்டம். அடுத்ததில் எதிராளியைப் பிடித்து நிறுத்திய (ஹோல்டிங்) தவறுக்கு 10 யார்டு அபராதம். கடைசியில் ஃபீல்டு கோலுக்கே எட்டாத தூரத்துக்குத் தள்ளப்பட்டு, பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். பிரேடி 91 யார்டு நகர்த்தி 28-28 ஆக்கினார்.

ரயன் பந்தை முன்பே வீசியெறிந்திருக்கலாம், ஹோல்டிங்கும் தவறுதான். ஆனால் அந்தத் தவறுகளுக்கு இடம் கொடுத்தது பாஸ் ஆடச் சொன்ன அந்த முடிவுதான். ஷானஹனைவிட எனக்கு அதிகக் கோபம் தலைமைப் பயிற்சியாளர் டான் க்வின் மேல். திட்டம் வகுக்கிறவர் தன் திட்டத்தை நம்புவது இயல்பு. அவரை நிறுத்தி, "போதும், ஓடு" என்று சொல்லும் அதிகாரம் க்வினுக்கு மட்டுமே இருந்தது. அதை அவர் பயன்படுத்தவில்லை.

கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸின் ஜேம்ஸ் வைட் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டியதும் பெரியவர் டிவியை அணைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. 1966 முதல் ஆடிவரும் அவருடைய அணி இன்னும் ஒரு சூப்பர் பவுல்கூட வென்றதில்லை.