ஞானதிருஷ்டியும் ராணுவ உளவும்

மதிப்பிற்குரிய ஐயா,

இருந்த இடத்திலிருந்தே எதிரி நாட்டு ரகசியத் தளங்களைக் கண்டு சொல்பவர்களை அமெரிக்க ராணுவம் வைத்திருந்ததாம். நம் சித்தர்கள் சொன்னதைத்தானே அவர்கள் சோதித்திருக்கிறார்கள்? ஒன்றுமில்லாததற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பணம் கொட்டுவார்களா? 1995இல் மூடிவிட்டார்கள் என்பதையும் என்னால் நம்ப முடியவில்லை.

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

திட்டம் உண்மையானதே. 1972இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் ஹரால்ட் புட்ஹாஃப், ரஸ்ஸல் டார்க் என்னும் இயற்பியலாளர்கள் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் நிதியில் தொடங்கிய இம்முயற்சி, பின்னர் மேரிலாந்தின் ஃபோர்ட் மீட் ராணுவ முகாமிலும் நடந்து, பல பெயர்கள் மாறி, ‘ஸ்டார்கேட்’ என்ற பெயரில் முடிந்தது. செலவு சுமார் 2 கோடி டாலர். சோவியத் ஒன்றியம் முந்திவிடுமோ என்ற அச்சமே பணத்தைக் கொண்டுவந்தது. பனிப்போர்க் காலத்து ராணுவச் செலவில் அது சில்லறை. ஆகவே செலவழித்த ஆண்டுகளை நான் சான்றாகக் கொள்ளமாட்டேன்.

1974இல் இத்திட்டத்தில் ஞானதிருஷ்டியாளராக இருந்த பேட் பிரைஸ் என்பவரிடம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்து, செமிபலாட்டின்ஸ்க் பகுதியிலிருந்த சோவியத் தளமொன்றை விவரிக்கச் சொன்னார்கள். அவர் வரைந்த ராட்சதப் பாரந்தூக்கி, செயற்கைக்கோள் படத்தில் இருந்ததை வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தது. இதை எல்லோரும் சொல்வார்கள். அவர் சொன்ன மற்ற விவரங்களில் பெரும்பகுதி பிழையானது என்பதைச் சொல்பவர் குறைவு. படம் கையில் இருந்ததால்தான் பாரந்தூக்கியை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ள முடிந்தது. படமே இல்லாத இடத்தைப் பற்றி ஒருவர் பத்துச் செய்திகள் சொன்னால், எதை நம்பி ஓர் அதிகாரி படையை அனுப்புவார்? 1981 டிசம்பரில் இத்தாலியில் அமெரிக்க ஜெனரல் ஜேம்ஸ் டோசியர் கடத்தப்பட்டபோதும், அவர் இருக்கும் இடத்தை இந்த ஞானதிருஷ்டியாளர்களிடம் கேட்டார்கள். அடுத்த மாதம் பாதுவா நகரில் அவரை மீட்டது இத்தாலியப் போலீஸ்.

(எம்எச்370 விமானம் காணாமற்போன 2014 மார்ச்சில், மூங்கில் தொலைநோக்கியும் தேங்காயுமாக கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு வந்த போமோவை, அதாவது மலாய் மந்திரவாதியை, பார்த்து நாம் சிரித்தோம். அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லாததுதான் குறைபோலும்.)

1995இல் மதிப்பீடு செய்த இருவரில், புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ் ஆய்வுக்கூட முடிவுகள் தற்செயலை மிஞ்சுவதாகக் கருதினார். உளவியலாளர் ரே ஹைமன் அதை ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சை இன்றும் தீரவில்லை. ஆனால் எந்த உளவு நடவடிக்கைக்கும் இத்தகவல்கள் வழிகாட்டியதில்லை என்றே அறிக்கை முடிந்தது. திட்டம் மூடப்பட அதுவே போதுமான காரணம். சித்தர்களை இதற்குச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அவர்கள் தேடியது மெய்ப்பொருளை, ஏவுகணைத் தளத்தை அல்ல.

2017இல் சிஐஏ இந்த ஆவணங்களை இணையத்தில் ஏற்றியது. அமர்வுகளில் வரைந்த படங்களை மட்டும் முதலில் பார்த்து, இலக்கு இன்னதென்று நீங்களே எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு விடையுள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள்.